உங்கள் கிணற்றில் எத்தனை பங்கு கடல்? கொசஸ்தலையாற்றுப் படுகை நிலத்தடி நீரைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "தண்ணீர் எப்படி?" என்றுதான். வீட்டுக்காரர் "நல்ல தண்ணீர்" என்பார். எந்த மாதத்தில், எத்தனை அடியில் நல்ல தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பகுதியில் அவை இரண்டும் தெரியாமல் தண்ணீரைப் பற்றிச் சொல்லப்படும் எதற்கும் பொருள் இல்லை.

எனக்கு இது பணம் கொடுத்துக் கிடைத்த பாடம். எங்கள் வீட்டில் 60 அடியில் போர் (ஆழ்துளைக் கிணறு) இருந்தது. ஒரு கோடையில் தண்ணீர் லேசாகக் கரித்தது. போர் போடுகிறவரிடம் கேட்டேன். "கீழே போனால் நல்ல தண்ணீர் இருக்கிறது சார்" என்றார். 110 அடிக்குப் போனோம். மேலே கரித்தது, கீழே வாயில் வைக்கவே முடியவில்லை. ஒரு பரிசோதனை அறிக்கையும் கையில் இல்லாமல் இறங்கியது என் தவறு. அன்று தொடங்கிய நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் இந்த வழிகாட்டி வருகிறது. மீஞ்சூர், அத்திப்பட்டு, வல்லூர், பொன்னேரி, மணலி புதுநகர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொசஸ்தலையாறு பூண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் வழியாக வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. வடக்கே ஆரணியாறு பழவேற்காட்டுப் பக்கம் போகிறது. இரண்டு ஆறுகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும் களிமண்ணும்தான் நம் காலடியில் இருக்கின்றன. மணல் நீரைத் தாங்குகிறது, களிமண் நீரைத் தடுக்கிறது. பல இடங்களில் நடுவே ஒரு களிமண் அடுக்கு ஓடுவதால் மேல் மணலில் ஒரு நீர், கீழ் மணலில் வேறு நீர் என்று இரண்டு தனித்தனிப் பாத்திரங்களாக இருக்கும். களிமண் எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக இல்லை. உங்கள் வீட்டில் இருப்பது எதிர்வீட்டில் இல்லாமல் போகலாம்.

இந்த மணலின் வளத்தை நம்பித்தான் 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் போன்ற இடங்களில் கிணற்று வயல்கள், அதாவது குழாய்க் கிணறுகளின் தொகுதிகள், அமைந்தன. சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போனது. விவசாயிகளும் இறைத்தார்கள். ஊற்றுக்கு வருவதைவிட எடுப்பது அதிகமானது. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உவர்நீர் 1983இல் 7 கிலோமீட்டர் வரையிலும், 1987இல் 9 கிலோமீட்டர் வரையிலும் வந்துவிட்டது. அதே 1987இல்தான் சென்னைப் பெருநகரப் பகுதிக்கான நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2010இல் பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கிணற்றைக் கடலாக்கிவிட்டுக் கடலைக் குடிநீராக்கிய ஊர் எங்களுடையது.

படி 1: கிணற்றுக்கு ஒரு ஜாதகம் எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். போர் போட்ட ஆண்டு, மொத்த ஆழம், குழாயின் விட்டம், எந்த அடியிலிருந்து எந்த அடிவரை துளையுள்ள குழாய் இறங்கியிருக்கிறது, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது ஆகியவற்றை எழுதுங்கள். இதில் துளைக்குழாய் இருக்கும் ஆழம்தான் மிக முக்கியம். தண்ணீர் அந்த அடியிலிருந்துதான் வருகிறது. பலருக்கு இது தெரியாது. போர் போட்டவரை அழைத்துக் கேளுங்கள். துளையிடும்போது எத்தனை அடியில் களிமண் வந்தது, எத்தனை அடியில் வெள்ளை மணல் வந்தது என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் நினைவிருக்கும்.

பிறகு சுற்றுவட்டாரம். ஆறு, பக்கிங்ஹாம் கால்வாய், உப்பளம், இறால் குட்டை, அனல்மின் நிலையச் சாம்பல் குளம், குப்பைமேடு, செப்டிக் டாங்க் ஆகியவை எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று குறியுங்கள். கால்வாயைக் கடலிலிருந்து வேறாக நினைக்காதீர்கள். ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) ஏறும்போது கடல்நீர் அதன் வழியே உள்நாட்டுக்குள் வருகிறது.

படி 2: நீர்மட்டத்தை அளந்து கடல்மட்டத்தோடு ஒப்பிடுங்கள்

விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன், அளவு நாடாவின் நுனியில் ஒரு சிறு எடையைக் கட்டிக் குழாய்க்குள் இறக்குங்கள். தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கும். தரையிலிருந்து அதன் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் தரை கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்? ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையின் கீழே அந்த நிலையத்தின் கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். அதைத் தொடக்கமாக வைத்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பால் தெருத்தெருவாக எடுத்துவரலாம். நாங்கள் நான்கு பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தோம். வேடிக்கை பார்த்தவர்கள் சாலை போடப்போகிறார்கள் என்று நினைத்தார்கள். கைபேசி காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். இந்தச் சமவெளியில் அதன் பிழையே தரையின் உயரத்தைவிடப் பெரிது.

தரை 6 மீட்டர் உயரத்தில் இருந்து, தண்ணீர் 9 மீட்டர் ஆழத்தில் இருந்தால், நீர்மட்டம் கடலுக்கு 3 மீட்டர் கீழே இருக்கிறது. அப்படியானால் கடல் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. கடலோர மணலில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால், சுமார் 40 அடி நன்னீர் கீழே மிதந்து நிற்கும். ஓர் அடி இறங்கினால் அந்த 40 அடியும் போகலாம். நம் களிமண் அடுக்குகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும், திசையை மாற்றாது. எனக்குப் போர் போட்டவர் சொன்ன "கீழே நல்ல தண்ணீர்" ஏன் பொய்த்தது என்பது இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. கடல்நீர் கனமானது, அடியில் ஆப்பு போல நுழைந்து மேலே ஏறுகிறது.

கால்வாய் ஓரம் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் நீர்மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கலாம். அமாவாசை, பௌர்ணமி அன்று எடுத்த அளவையும் அஷ்டமி அன்று எடுத்த அளவையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

படி 3: மின்கடத்துத்திறனை அளங்கள், டிடிஎஸ்ஸை அல்ல

கடையில் கிடைக்கும் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்த உப்பு) மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. அது அளப்பது மின்கடத்துத்திறனை. அதை ஓர் எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. அந்த எண் சில கருவிகளில் 0.5, சிலவற்றில் 0.7. மின்கடத்துத்திறன் 3,400 மைக்ரோசீமென்ஸ் உள்ள ஒரே தண்ணீரை ஒன்று 1,700 என்று காட்டும், மற்றொன்று 2,380 என்று காட்டும். குடிநீரின் டிடிஎஸ்ஸுக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் உச்சவரம்பு 2,000. ஒரு கருவியில் தேறுகிற தண்ணீர் மற்றொன்றில் தவறிவிடும். இதை வைத்துத்தான் வீட்டுக்கு வீடு வந்து சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிறார்கள்.

ஆகவே மின்கடத்துத்திறனையே நேராகக் காட்டும், 25 டிகிரிக்கு வெப்பத் திருத்தம் செய்யும் கருவியை வாங்குங்கள். கூடவே 1,413 மைக்ரோசீமென்ஸ் அளவுத் திரவம் ஒரு சிறு புட்டி. ஒவ்வொரு முறையும் முதலில் அதில் முக்கிச் சரிபாருங்கள். எண்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால், கடல்நீர் சுமார் 50,000.

முடிந்தால் ஒரே கிணற்றில் ஆழ ஆழமாகவும் அளங்கள். நைலான் கயிற்றில் கட்டிய, அடியில் வால்வு உள்ள குறுகலான குழாயை 10 அடிக்கு ஒரு முறை இறக்கித் தண்ணீர் எடுக்கலாம். நீர் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் கருவிதான். பிளாஸ்டிக் குழாயில் நாமே செய்துகொள்ளலாம். எங்கள் தெருவில் ஒரு பழைய கிணற்றில் 50 அடிவரை 1,200, அதற்குக் கீழே திடீரென்று 4,000 என்று வந்தது. மோட்டாரை 15 அடி மேலே தூக்கினார்கள். செலவு ஒரு நாள் கூலி.

உப்பளம், கால்வாய், இறால் குட்டை ஓரங்களில் இதற்கு நேர் எதிராக, மேல் நீர் உவர்த்துக் கீழ் நீர் சுமாராக இருப்பதும் உண்டு. அங்கே மேல் அடுக்கை அடைத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். எது உங்கள் இடம் என்பதை இந்த அளவு மட்டுமே சொல்லும்.

படி 4: மாதிரி எடுப்பது

தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கின்றன. காலையில் குழாயைத் திறந்து முதல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுகிறார்கள். அது இரவெல்லாம் குழாய்க்குள் தூங்கிய தண்ணீர். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் அல்ல. குழாயில் நிற்பதைப்போல மூன்று மடங்கு வெளியேற்ற வேண்டும். 6 அங்குலக் குழாயில் ஓர் அடிக்குச் சுமார் 5.5 லிட்டர் நிற்கும். 60 அடி நீர் இருந்தால் 330 லிட்டர், மூன்று மடங்கு சுமார் 1,000 லிட்டர். மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருந்தால் அது ஒரு முறை நிறையட்டும். மீட்டரை ஓடும் நீரில் வைத்துப் பாருங்கள். எண் அசையாமல் நின்றபின் பிடியுங்கள். தொட்டியிலிருந்தோ சம்ப்பிலிருந்தோ பிடிக்காதீர்கள்.

உப்புகளுக்கு ஒரு லிட்டர் புதிய பிளாஸ்டிக் புட்டி. அதே நீரால் மூன்று முறை அலசி, காற்றிடம் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள்.

கிருமிகளுக்குத் தனிப் புட்டி. ஆய்வகமே கிருமி நீக்கித் தரும். அதை அலசவே கூடாது. குழாயின் வாயைத் தீயால் சுட்டு, சிறிது நீர் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, சிறிது காற்றிடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுவது நல்லது; 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

இரும்பு, ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களுக்கு மூன்றாவது புட்டி, நைட்ரிக் அமிலத் துளிகளோடு. அமிலம் இல்லாவிட்டால் தெளிவாக வந்த தண்ணீரில் சிறிது நேரத்தில் செம்மண் நிறம் படியும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டு அடியில் உட்கார்ந்துவிடும், அறிக்கையில் குறைவாக வரும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும், கிருமிகளுக்குக் கிண்டி கிங் நிலையத்திலும், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களிலும் கொடுக்கலாம். இயந்திரம் விற்பவர் செய்து தரும் இலவசப் பரிசோதனையை நான் பரிசோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

கேட்க வேண்டியவை: மின்கடத்துத்திறன், அமில-கார நிலை, கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு, ஈ. கோலி (மலக் கலப்பைக் காட்டும் கிருமி). பலர் பணத்தை மிச்சம் பிடிக்கச் சோடியத்தையும் பைகார்பனேட்டையும் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாமல் அடுத்த படி நடக்காது.

படி 5: அறிக்கையைச் சோதியுங்கள், பிறகு நம்புங்கள்

ஆய்வகமும் தவறும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நீரில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாக இருந்தே தீர வேண்டும். மில்லிகிராம் எண்களை இப்படி வகுங்கள்: கால்சியம் 20, மெக்னீசியம் 12.15, சோடியம் 23, பொட்டாசியம் 39. பைகார்பனேட் 61, குளோரைடு 35.5, சல்ஃபேட் 48, நைட்ரேட் 62. கிடைப்பது மில்லி சமானம்.

கணக்குக்காக ஓர் அறிக்கையை நானே புனைகிறேன். லிட்டருக்குச் சோடியம் 460, கால்சியம் 120, மெக்னீசியம் 97, பொட்டாசியம் 8. குளோரைடு 888, பைகார்பனேட் 427, சல்ஃபேட் 96, நைட்ரேட் 12 மில்லிகிராம். வகுத்தால் 20, 6, 8, 0.2, கூட்டினால் 34.2. மறுபக்கம் 25, 7, 2, 0.2, கூட்டினால் 34.2. தராசு நேராக நிற்கிறது. உண்மை அறிக்கையில் இவ்வளவு அழகாக வராது. இரு கூட்டுத்தொகைகளின் வித்தியாசத்தை அவற்றின் மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 10 தாண்டினால் மறுபரிசோதனை கேளுங்கள். ஒரு பக்கக் கூட்டுத்தொகையை 100ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மின்கடத்துத்திறன் வர வேண்டும், இங்கே 3,420. உங்கள் மீட்டர் காட்டியது 1,500 என்றால் புட்டி மாறியிருக்கிறது.

படி 6: உப்பு எங்கிருந்து வந்தது?

இதுதான் எனக்குப் பிடித்த படி.

முதலில் எத்தனை பங்கு கடல். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம். உங்கள் நன்னீரில் முன்பு 100 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள 888க்கு: 788ஐ 18,900ஆல் வகுத்தால் 4.2 சதவீதம். 24 குடத்துக்கு ஒரு குடம் கடல், அவ்வளவுதான். ஒரு சதவீதம் கலந்தாலே குளோரைடு விரும்பத்தக்க அளவான 250ஐத் தாண்டிவிடும். 5 சதவீதத்தில், வேறு வழியில்லாதபோது பொறுத்துக்கொள்ளச் சொல்லும் 1,000த்தையும் தாண்டும்.

ஆனால் அது கடல்தானா? மில்லி சமானத்தில் சோடியத்தைக் குளோரைடால் வகுங்கள். கடலில் இது 0.86. நம் புனைவு அறிக்கையில் 0.80, கடலைவிடக் குறைவு. காரணம் களிமண். கடல்நீர் நன்னீர் மணலுக்குள் நுழையும்போது களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த கால்சியத்தை விட்டுவிடுகிறது. அதனால் கடல் வரும்போது முதலில் எகிறுவது கடினத்தன்மை. உப்புக் கரிப்பதற்கு முன்பே பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் பருப்பைக் குறை சொன்னோம். அது கடலின் முதல் கடிதம்.

நல்ல மழைக்குப் பிறகு கடல் பின்வாங்கினால் நாடகம் திரும்ப நடக்கும். களிமண் சோடியத்தை விட்டுக் கால்சியத்தை வாங்கும். விகிதம் 1ஐத் தாண்டும், தண்ணீர் மென்மையாகும். மில்லி சமானத்தில் மெக்னீசியம் கால்சியத்தைவிட அதிகமாக இருப்பதும் கடலின் சாயல். அதே மில்லி சமானத்தில் குளோரைடைப் பைகார்பனேட்டால் வகுத்தால் 0.5க்குக் கீழே நன்னீர், 2.8க்கு மேலே கவலை, இங்கே 3.6.

கடல் அல்லாத உப்பும் உண்டு. குளோரைடோடு நைட்ரேட்டும் பொட்டாசியமும் ஏறி, ஈ. கோலியும் வந்தால் அது செப்டிக் டாங்க். நைட்ரேட்டுக்கு 45க்கு மேல் தளர்வே கிடையாது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் வீட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, அடர்த்திதான் கூடும். குளோரைடைக் காட்டிலும் சல்ஃபேட் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தால் (கடலில் மில்லிகிராம் கணக்கில் குளோரைடு அதைப்போல ஏழு மடங்கு இருக்கும்) சாம்பல் குளம் அல்லது தொழிற்சாலைக் கழிவைச் சந்தேகித்து உலோகங்களுக்கும் போரானுக்கும் கொடுங்கள். மண்ணெண்ணெய் வாடை வந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம், உடனே நிறுத்துங்கள். 2013இல் தொண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டுப் போர்களில் எண்ணெய் வந்ததை வடசென்னை மறக்காது.

படி 7: ஆண்டுக்கு இரண்டு முறை, அதே அடியில்

மே கடைசியில் ஒன்று, ஜனவரி பாதியில் ஒன்று. சென்னையின் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் விழுகிறது. ஜனவரி அறிக்கையைக் காட்டி வீடு விற்பவர் பொய் சொல்லவில்லை. மே அறிக்கையை மறைக்கிறார். முழுப் பரிசோதனை இரண்டு முறை போதும், நீர்மட்டமும் மின்கடத்துத்திறனும் மாதம் ஒரு முறை. இரண்டு மே மாதங்களை ஒப்பிட்டால்தான் கிணறு கெடுகிறதா தேறுகிறதா என்பது தெரியும். தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்தால் இன்னும் நல்லது. உப்பு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது வரைபடத்தில் தானாகத் தெரியும்.

வெள்ளத்துக்குப் பிறகு தனிப் பரிசோதனை தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. போர் மூழ்கியிருந்தால் முதலில் நன்றாக இறைத்துவிடுங்கள். எண்ணெய் வாடை இல்லாவிட்டால், குழாயில் நிற்கும் ஒவ்வொரு 100 லிட்டர் நீருக்கும் 20 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, இரவு முழுவதும் விட்டு, குளோரின் வாடை போகும்வரை இறைத்து வெளியேற்றுங்கள். ஒரு வாரம் கழித்துக் கிருமிப் பரிசோதனை. உறைகிணறாக இருந்தால் உள்ளே இறங்காதீர்கள். அடியில் நச்சுக்காற்று நிற்கும்.

படி 8: முடிவு

மின்கடத்துத்திறன் 3,000 தாண்டினால் குடிக்க வேண்டாம். துவைக்க, கழுவ மட்டும். இறைப்பைக் குறையுங்கள். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஓட்டுவதைவிட, அரை மணி வீதம் பிரித்து ஓட்டினால் அடி உப்பு மேலே இழுபடுவது குறையும்.

ஆர்.ஓ. இயந்திரம் வைக்கிறவர்களிடம் ஒரு சண்டை எனக்கு உண்டு. அது ஒரு குடம் கொடுக்க இரண்டு, மூன்று குடம் கடுத்த நீரைத் தள்ளுகிறது. அந்தக் குழாயை மழைநீர்க் குழிக்குள் விட்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிரித்தெடுத்த உப்பைத் திரும்பத் தன் கிணற்றுக்கே ஊட்டுகிறார்கள். அதைக் கழிப்பறைக்குத் திருப்புங்கள்.

மழைநீர்க் குழியைச் சடங்குக்கு வைக்காதீர்கள். 1,000 சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை விழுந்து, ஐந்தில் நான்கு பங்கு பிடிபட்டால், ஒரு லட்சம் லிட்டர். அதை வடிகட்டி மேல் மணலில் இறக்குங்கள். தெருத் தண்ணீரைப் போருக்குள் நேரே விடவே கூடாது. அக்டோபர் பிறப்பதற்குள் குழியின் மணலை அள்ளிக் கழுவிப் போட்டுவிடுங்கள். போர்க்குழாயின் வாயைத் தரைக்கு மேல் இரண்டு அடியாவது உயர்த்தி, சுற்றிலும் சிமெண்டுத் திட்டு கட்டி, இறுக மூடுங்கள். எங்கள் தெருவில் சென்ற வெள்ளத்தின் கோடு எந்தச் சுவரில் இருக்கிறதோ, அதற்கு அரை அடி மேலே வைத்திருக்கிறேன்.